ஏழாம் நம்பர் மலையில் பாடமான பேச்சு

இல்லைங்க மொதலாளி, மைக் செட்டுக்கு ஹோர்ன் ரெண்டு வேணும். ஒண்ணு பத்தாது. ஒண்ண கோயில் வாசல்ல நிக்கிற அரச மரத்துல கட்டுவோம், இன்னொண்ணு மேல் லயத்து வீடுகளப் பாத்தாப்புல. பேட்டரிய நல்லா சார்ஜ் ஏத்திக் குடுங்க, பாதிப் பேச்சுல படுத்துக்கிட்டா மானம் போயிரும். சனிக்கிழமை மூணு மணிக்கு. ஆமாங்க, தோட்டத் தொழிலாளர் சங்கத் தலைவர் தெரிவுதான், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வர்றதுதான. என்னைய எதுத்து யாரு நிக்கிறாங்கன்னா? அது கெடக்கட்டும், சொல்றேன். அதுக்கு முன்னாடி நீங்க வேறொண்ணு கேக்கணும்.

சும்மா சும்மா சிரிக்கிறேன்னு பாக்குறீங்க. பஸ்ஸுலயும் இப்படித்தாங்க வந்தேன். பசறையில ஏறுன ஒரு அம்மா, பக்கத்துல உக்காந்திருந்தது, என்னைய ரெண்டு தடவ பாத்துட்டு எந்திரிச்சுப் பின் சீட்டுக்குப் போயிருச்சு. போகட்டும். எனக்கு அடக்க முடியல. எல்லாம் உங்க மைக்கால வந்த வெனதான். மே மாசம் எங்க தோட்டத்துக்குக் குடுத்து விட்டீங்களே, வெள்ளிக் கலர்ல கழுத்து நீட்டமா ஒண்ணு, அதுதான். உங்க மச்சான் ஹுமைத் தான் வந்து கட்டுனாரு. அவரு வந்து ஒண்ணுமே சொல்லலையா? ஒரு வார்த்த கூடவா? அட, மனுசன் மரியாதைக்கு மறைச்சிருக்காரு பாருங்க. அப்ப அந்த ரேடியோவ ஓரமா வைங்க, நானே சொல்றேன்.

நான் பேசி நீங்க கேட்டதில்ல. பதினோரு வருசமா எங்க தோட்டத்துக்கு நாந்தான் தலைவரு. நமுனுகுலப் பக்கம் போயி பேச்சுக்கார மாரிசாமின்னு கேளுங்க, கைக்கொழந்த கூட எங்க லயத்தக் காட்டும். கல்யாண வீடா, காது குத்தா, தோட்டத்துப் பழைய தொரை போறாரா, புதுத் தொரை வர்றாரா, மாரிசாமி பேசாம ஒண்ணும் நடக்காது. ஒரு எழவு வீட்டுல நான் பேசி முடிச்சப்ப, செத்தவரோட மூத்த மகன் அழுகைய நிப்பாட்டிட்டுக் கை தட்டிட்டான். அப்புறம் அவன் சம்சாரம் அவன் தொடையில கிள்ளுனா. அந்த அளவுக்குங்க.

பேச்சுக்குன்னு ஒரு முறை இருக்கு. மைக்குக்கு முன்னாடி போனதும் வாயத் தொறந்துறக் கூடாது. மொதல்ல துண்ட எடுத்து மொகத்தத் தொடைக்கணும். வேர்க்காட்டியும் தொடைக்கணும். அப்புறம் ஒரு செருமல். சனத்தோட கண்ணப் பாக்கக் கூடாது, பாத்தா நம்ம கண்ணு தாழ்ந்துரும், தலைக்கு ஒரு சாண் மேல பாக்கணும். அப்புறம் நடுவுல ஒரு எடத்துல ஆனால்னு சொல்லிட்டு அப்படியே நிக்கணும். பெருசா என்னமோ வரப்போகுதுன்னு சனம் கழுத்த நீட்டும். ஒண்ணும் வராட்டியும் பரவாயில்ல, அதுக்குள்ள எவனாச்சும் ஒருத்தன் கை தட்டிருவான். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லிக் குடுக்கல, நானாக் கண்டுபிடிச்சது.

சரி, வெசயத்துக்கு வர்றேன். ஏப்ரல் மாசம் சங்கத்து ஆபீசுல இருந்து ஒரு கடுதாசி. தோட்டந்தோட்டமா மாதர் சங்கம் தொறக்கணும், தொறப்பு விழாவுல கட்டாயமா ஒரு பொம்பள மேடை ஏறிப் பேசணும்னு. எனக்குத் தலைய சுத்திருச்சு. எங்க தோட்டத்துல வாய் தொறக்குற பொம்பளன்னா ராசம்மா ஒருத்திதான். கொழுந்தெடுக்குற அம்புட்டுப் பேருக்கும் அவதான் வாயி. அவ மேடை ஏறுனா என்ன பேசுவான்னும் எனக்குத் தெரியும். பாலத்தப் பேசுவா.

என்ன பாலமா? ஏழாம் நம்பர் மலையில இருந்து கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு வர்ற வழியில ஒரு ஓடை இருக்குங்க. மழ பேஞ்சா இடுப்பு மட்டும் தண்ணி, பேயாட்டி பாசி. பொம்பளைங்க முதுகுல கூடை நெறையக் கொழுந்தோட கல்லு மேல கால வச்சு வச்சுத்தான் தாண்டணும். ஒரு சின்னப் பாலம் போட்டுக் குடுங்க தலைவரேன்னு நாலு வருசமாக் கேட்டாங்க. நானும் சும்மா இருக்கல, நாலு வருசமும் அதப் பத்திப் பேசிக்கிட்டே இருந்தேன். கமிட்டியில பேசுனேன், மே தினத்துல பேசுனேன், பொங்கலுக்குப் பேசுனேன். ஓடையே இல்லாத தோட்டத்துல போயி எங்க ஓடையப் பத்திப் பேசி மாலை வாங்கிட்டு வந்திருக்கேன்னா பாத்துக்கங்க. தொரைகிட்டயா? தொரைகிட்டயும் ஒருக்கா சொன்னேன். அவரு என்னமோ சொன்னாரு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

அதனால ராசம்மா வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். யாரப் போடலாம்னு ரெண்டு நாள் யோசிச்சு, கடைசியில என் வீட்டுக்காரியவே போட்டுட்டேன். இராக்கம்மான்னு பேரு. கல்யாணமாகிப் பதினாறு வருசமாச்சு. சாப்புடுங்க, மழ வருது, ஈரச் சட்டையக் கழட்டுங்க, இதுக்கு மேல அவ பேசி நான் கேட்டதில்ல. இப்ப யோசிச்சா அவதான் பேசலையா, நாந்தான் கேக்கலையான்னு தெரியல. அப்ப எனக்கு அந்த யோசனையே இல்ல. எழுதிக் குடுத்ததச் சொல்லிட்டு எறங்கிருவா, ஒரு தொல்லையும் வராதுன்னு இருந்தேன். சூழ்ச்சிதாங்க, வேறென்ன சொல்றது.

பேச்ச நாந்தான் எழுதுனேன். மொத்தம் பத்து வரி. அதுல எட்டு வரி என்னையப் பத்தி. சிரிங்க சிரிங்க. அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால சாயங்காலம் அவ அடுப்படியில உக்காந்து ரொட்டி தட்டும்போது நான் வாசல்ல நின்னு ஒவ்வொரு வரியா வாசிப்பேன். அவ திருப்பிச் சொல்லணும். சொல்லவே வரல. ஒப்பற்ற தலைவர்னு சொல்லச் சொன்னா ஒப்பற்ற வரைக்கும் வருவா, அங்கன ரொட்டி கருகும். நாலு நாள் கருகல் ரொட்டி தின்னேன். அப்புறம் அவளே ஒரு வழி சொன்னா. வீட்டுல நின்னா எனக்கு வராது, ஒரு நாளைக்கு ஒரு வரி குடுங்க, மலைக்குக் கொண்டு போயிப் பாடம் பண்ணிக்கிறேன்னா.

எப்படிப் பண்ணுனா தெரியுமா. ஏழாம் நம்பர் மலையில அவ நெரை புடிக்கிற எடத்துல ஒரு பெரிய கல்லு இருக்கு. மொத வரிய அந்தக் கல்லுகிட்ட வச்சுக்கிட்டா. ரெண்டாவது வரி அதுக்கு மேல சவுக்கு மரத்துக்கிட்ட. அடுத்தது தண்ணி போற கானோரம். கடைசி வரி அந்த ஓடைகிட்ட. இப்படிப் பத்து வரிக்கும் பத்து எடம். கொழுந்த எடுத்துக்கிட்டே போவா, அந்தந்த எடம் வந்ததும் அந்தந்த வரி தானா வாயில வந்துரும். செடிங்க எல்லாம் ஒரே மட்டத்துல தலைய வெட்டிவிட்ட மாதிரி நிக்கும்ல, அதுகதான் அவளுக்குச் சனம். தொரையும் அதுக்குள்ளதான், கணக்கப்புள்ளையும் அதுக்குள்ளதான். நோஞ்சான் செடி ஒண்ணு இருக்கு, அதுதான் நீங்கன்னு வீட்டுக்கு வந்து சொன்னா. நான் கோவிச்சுக்கல, தொறமை இருக்கேன்னு சந்தோசப்பட்டுட்டேன்.

இதுல நல்லையா கங்காணிக்குப் பயம் புடிச்சிருச்சு. ஒரு நாள் வேர்க்க விறுவிறுக்க என் வீட்டுக்கு ஓடி வர்றாரு. தலைவரே, உங்க வீட்டுக்காரிக்குக் காத்துக் கருப்பு அண்டியிருக்கு, செடிகள நின்னு கும்புடுது, தாய்மார்களேன்னு கூப்புடுது, சீக்கிரமா கோடாங்கிய வரச் சொல்லுங்கன்னு. நான் வெவரத்தச் சொன்னேன். அவரு நம்பல. மறுநாள் அவ நெரையில பாதி எலுமிச்சம்பழம் ஒண்ணு கெடந்துச்சு, குங்குமம் தடவி. அவ அதக் கூடைக்குள்ள போட்டுக்கிட்டு வந்து ஊறுகாயில சேத்துட்டா.

விழா நாளும் வந்துச்சு. கோயில் வாசல்ல தார் பீப்பா மேல பலக போட்டு மேடை. சங்கத்து ஆபீசுல இருந்து மாவட்டப் பிரதிநிதி முருகையா வந்திருக்காரு, நம்ம தொரையும் வந்து உக்காந்திருக்காரு. அரசாங்கம் தோட்டத்த எடுத்த பொறகு வந்த சிங்களத் தொரை, தமிழ் நல்லாவே வெளங்கும். மொதப் பேச்சு என்னுது. முக்கா மணி நேரம். தொடைச்சேன், செருமுனேன், ஆனால்னு மூணு தடவ நின்னேன், மூணு தடவையும் கை தட்டு. அப்புறம் முருகையா பேசுனாரு. அடுத்து இராக்கம்மா.

அவ குட்டையா இருப்பா. அதனால ஹுமைத் வந்து மைக்கோட கழுத்த எறக்கி வச்சுட்டுப் போனாரு. நான் அவளுக்குப் பக்கத்துல ஒட்டினாப்புல நாக்காலியில உக்காந்திருக்கேன், மடியில பேச்சு எழுதுன தாளு. எறக்குன மைக் எங்க வந்து நிக்குதுன்னா, சரியா என் வாய்க்கு நேரா. நான் அதக் கவனிக்கல. அங்கதாங்க விதி.

எந்திரிச்சுப் போயி நின்னா. பெரியோர்களே, தாய்மார்களேன்னா. நல்லாத்தான் வந்துச்சு. அதோட நின்னு போச்சு. ஒரு நிமிசம் ஆகுது, ரெண்டு நிமிசம் ஆகுது, நிக்கிறா. எனக்கு அப்பத்தான் பொறி தட்டுச்சு. இவ பேச்சப் பாடம் பண்ணுனது மலையில. கல்லக் கண்டாத்தான் மொத வரி வரும், சவுக்கு மரத்தக் கண்டாத்தான் ரெண்டாவது வரும். கோயில் வாசல்ல ஏது ஏழாம் நம்பர் மல? கூட்டத்தப் பாக்குறா, அது செடியும் இல்ல. அத்தன செடிக்கும் கண்ணு வந்துருச்சு. முதுகுல கூடையும் இல்ல. கூடையோட குனிஞ்சு குனிஞ்சு பேசிப் பழகுனவ, பாரம் இல்லாம முன்னுக்குச் சாயுறா.

நான் தாளப் பாத்து மெதுவா எடுத்துக் குடுத்தேன். மெதுவாத்தாங்க, அவ காதுக்கு மட்டும். எங்கள் ஒப்பற்ற தலைவர், ஏழைப் பங்காளர், திரு மாரிசாமி அவர்கள்னு. அவ சொல்லல. நான் மறுபடி, எங்கள் ஒப்பற்ற தலைவர்னு. அப்பவும் சொல்லல. எனக்குக் கோவம். மலையைப் போன்ற மாரிசாமி அவர்கள், சொல்லேன்டி, சொல்லித் தொலையேன்னேன். அம்புட்டும் மைக்குல போயிருச்சு மொதலாளி. ரெண்டு ஹோர்ன்லயும். என்னைய நானே பாராட்டுறது மேல் லயம், கீழ் லயம், தேயில ஸ்டோரு, பிள்ளைக்காம்பரா வரைக்கும் கேட்டிருக்கு. அங்க ஆயா கிட்ட இருந்த பிள்ளைங்க எல்லாம் என் சத்தத்தக் கேட்டு அழுதுச்சுகளாம்.

சனம் சிரிச்ச சிரிப்பு இருக்கே. முருகையா கைலேஞ்சிய எடுத்து மொகத்த மூடிக்கிட்டு, தோள் மட்டும் குலுங்குது. தொரை கணக்கப்புள்ளையத் திரும்பிப் பாக்குறாரு, அவரு குனிஞ்சு செருப்ப மாட்டுற மாதிரி சிரிக்கிறாரு. நல்லையா கங்காணி மட்டும் சிரிக்கல, அவரு கோயிலப் பாத்துக் கும்புட்டுக்கிட்டிருந்தாரு. எனக்கு அந்தப் பீப்பாவுக்குள்ளயே எறங்கிரலாம் போல இருந்துச்சு.

சிரிப்பு அடங்குறதுக்குள்ள அவ கண்ண மூடிட்டா. எனக்குத் தெரிஞ்சிருச்சு, மலைக்குப் போயிட்டா. ரெண்டு கையும் முன்னுக்கு வந்துருச்சு. வெரலு கொழுந்து கிள்ளுது, வெறும் காத்துல. டக்கு டக்குன்னு கிள்ளித் தோளுக்குப் பின்னாடி போடுறா, அங்க கூடை இல்ல. பேச ஆரம்பிச்சா. சத்தம் போடல. மலையில ஒரு நெரையில இருந்து அடுத்த நெரைக்குப் பேசுவாங்க பாருங்க, அந்தக் குரலு. எனக்கு முக்கா மணி நேரத்துல தொண்ட கட்டிருச்சு, அந்தக் குரலுக்கு மைக்கே தேவப்பட்டிருக்காது.

கல்லுகிட்ட வந்திருக்கேன்னு ஆரம்பிச்சா. ஆனா நான் எழுதுன வரி வரல. அந்தக் கல்லுகிட்ட உண்மையா என்ன நடந்துச்சோ அதுதான் வந்துச்சு. இந்தக் கல்லுல உக்காந்துதான் நாங்க வெத்தில போடுவோம், இங்கதான் பாலத்தப் பத்திப் பேசிக்குவோம், தலைவருகிட்ட சொன்னியான்னு எல்லாரும் என்னையத்தான் கேப்பாங்க, நான் ம்னுவேன், ஆனா ஒரு நாளும் சொன்னதில்ல, அது என் தப்புன்னா. அப்புறம் சவுக்கு மரத்துக்கு வந்தா. இங்க வந்தா நாங்க மழ வருதான்னு மேல பாப்போம், வந்துச்சுன்னா ஓடை நெறஞ்சிரும், கொழுந்து பாதிக் கூடைதான் இருந்தாலும் ஓடிருவோம்னா. ஒருத்தரும் சிரிக்கல இப்ப. முன்னால உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் அவ கூடவே நடந்து போற மாதிரி தலைய ஆட்டிக்கிட்டிருக்காங்க.

கடைசியா ஓடைகிட்ட வந்தா. அங்க நின்னா. வெரலும் நின்னுருச்சு.

போன ஐப்பசியில எனக்கு மொழங்கை பெசகுனது வெறகு பொறுக்கப் போயி இல்லைங்க, அப்படின்னா. இந்த ஓடையில விழுந்துதான். தலைவர் வீட்டுக்காரியே விழுந்துட்டான்னு தெரிஞ்சா அவருக்குத் தலகுனிவுன்னு நான் பொய் சொன்னேன். அவரும் தெனம் எண்ண தேச்சுவிட்டாரு. தேச்சுக்கிட்டே பாலத்தப் பத்திப் பேசுனாரு. பேச்சுக் கேட்டு எங்களுக்கு வயிறு நெறஞ்சிருச்சு. பாலம் எப்ப?

அவ்வளவுதான். திரும்பி வந்து உக்காந்துட்டா. உக்காந்தவ திடீர்னு எந்திரிச்சு மறுபடி மைக்குக்குப் போறா. எனக்கு உயிரே போச்சு, இன்னும் என்ன பாக்கின்னு. நன்றி வணக்கம்னு சொல்லிட்டு வந்தா. அது சொல்லாம எறங்கக் கூடாதுன்னு நான் சொல்லிக் குடுத்திருந்தேன்ல. நான் சொல்லிக் குடுத்ததுல அவ சொன்னது அது ஒண்ணுதான்.

கை தட்டுனாங்களான்னா? இல்லைங்க. எனக்கு எப்பவும் தட்டுவாங்க, தட்டி முடிச்சதும் பக்கத்துல இருக்கவங்ககிட்ட ஊர்க்கதைய ஆரம்பிச்சிருவாங்க. அவளுக்கு ஒருத்தரும் தட்டல. இருந்த இருநூறு பேரும் அப்படியே திரும்பித் தொரையப் பாத்தாங்க. பதினோரு வருசத்துல என் பேச்சுக்கு ஒரு ஆளு கூட அப்படித் திரும்புனதில்ல மொதலாளி.

தொரை எந்திரிச்சாரு. பலக ரெண்டு வருசமா ஸ்டோருல கெடக்கு, தலைவர் ஆளக் கூட்டிக்கிட்டு வந்து எடுத்துப் போட்டுக்கங்கன்னு நான் அன்னைக்கே சொன்னேனே, ஏன் வரலன்னு என்னையக் கேட்டாரு. அவரு சொன்னது நெசம். அவரு சொன்னதக் கேட்டுட்டு நான் நேரா மடுவத்துக்குப் போயி, தொரைகிட்ட போராடிட்டு வந்திருக்கேன்னு அரை மணி நேரம் பேசுனேன். அந்தப் பேச்சுக்கு விழுந்த கை தட்டுல பலகைய மறந்துட்டேன். வேணும்னு செய்யல. ஆனா மறந்துட்டேன்.

மூணு நாள் அவகூடப் பேசலைங்க. கோவம் மாதிரிதான் காட்டிக்கிட்டேன், உள்ளுக்குள்ள வெக்கம். அந்த மொழங்கைய எத்தன நாள் இந்தக் கையால தேச்சிருக்கேன். எங்க அடிபட்டுச்சுன்னு கூட எனக்குத் தெரியல. அவளா, ஒண்ணும் நடக்காத மாதிரி சாப்புடுங்கன்னா, மழ வருதுன்னா. நாலாம் நாள் என்னால முடியல. கொழுந்து நிறுக்கப் போற நேரத்துக்கு நேரா ஏழாம் நம்பருக்கு ஏறிட்டேன். தலைவரானதுல இருந்து எனக்கு மலை வேல கொறவு, அந்தப் பக்கம் போயே பல வருசமாச்சு. நெறஞ்சிருந்த அவ கூடையக் கழட்டச் சொல்லி, கயித்த என் தலையில மாட்டிக்கிட்டேன். எல்லாப் பொம்பளைங்களும் கொழுந்த விட்டுட்டு எட்டிப் பாக்குறாங்க. ராசம்மா கேட்டா, என்ன தலைவரே, பேச்சுக்கு ஒத்திகையான்னு. நான் பதில் சொல்லல, அதுவே அவங்களுக்கு அதிசயம்.

ஓடையில மொதக் கல்லு சரி. ரெண்டாவது கல்லு சரி. மூணாவது கல்லுல கால வச்சேன், அது மட்டும்தான் ஞாபகம். தலகீழா உள்ள. கூடை, கொழுந்து, நான், எல்லாம். எந்திரிச்சு நிக்கிறேன், தலையில இருந்து கொழுந்து வழியுது, ஒரு செருப்பக் காணோம், அது இந்நேரம் மொனராகலைக்குப் போயிருக்கும். கரையில அம்புட்டுப் பேரும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க. இராக்கம்மாவும் சிரிக்கிறா. அவ அப்படி வாய் விட்டுச் சிரிச்சு நான் பாத்ததே இல்லைங்க. பல்லு அம்புட்டு வரிசையா இருக்கு அவளுக்கு. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அன்னைக்குப் புடிச்ச சிரிப்புத்தான், இன்னும் நிக்கல.

அந்த ஞாயித்துக்கெழமையே பலகைய எடுத்தாந்தோம். நானும் நாலு ஆம்பளைங்களும் சேந்து கட்டுனோம், கைப்புடி வச்சு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. நாலு வருசப் பேச்சு, ஒரு நாள் வேல. முடிஞ்சதும் எல்லாரும் சுத்தி நிக்கிறாங்க, தலைவரே நாலு வார்த்த பேசுங்கன்னு. துண்ட எடுத்தேன், தொடைச்சேன், செருமுனேன். தலைக்கு மேல பாக்கலாம்னு பாத்தா அவ கண்ணு குறுக்க வந்துருச்சு. நடங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் வந்துச்சு. என் வாழ்க்கையில நான் பேசுனதுலயே சின்னப் பேச்சு. பொம்பளைங்க நடந்தாங்க. நடந்துக்கிட்டே தட்டுனாங்க.

இல்லைங்க, இன்னும் முடியல. ஆமா, சனிக்கிழமை வெசயத்துக்கு வர்றேன். எங்க, என்ன எழுதுனீங்க? மாரிசாமி கூட்டம்னா? அத வெட்டிருங்க. இராக்கம்மா கூட்டம்னு போடுங்க. மைக்கு அவளுக்குத்தான் எடுக்குறேன். பொம்பளைங்க எல்லாம் சேந்து அவளத் தலைவருக்கு நிறுத்துறாங்க. நம்ம பக்கத்துத் தோட்டம் எதுலயாவது பொம்பள தலைவரா இருந்து கேள்விப்பட்டிருக்கீங்களா? நானும் கேள்விப்பட்டதில்ல. அவள எதுத்து யாரா? நான் வந்ததும் அதையேதான் திருப்பிப் போட்டுக் கேட்டீங்க. நாந்தான் நிக்கிறேன்.

அப்படிப் பாக்காதீங்க. நான் வெலகிக்கிறேன்னுதான் சொன்னேன். அவ விடல. நீங்க விட்டுக்குடுத்து நான் தலைவராக வேணாம், நீங்க நில்லுங்க, இருக்குற தெம்பெல்லாம் கூட்டி நல்லாப் பேசுங்க, அப்புறம் சனம் முடிவு பண்ணட்டும்னுட்டா. சாப்புடுங்கன்னு சொல்ற அதே கொரல்ல சொல்றாங்க. இப்ப நான் என் பேச்ச எழுதணும், அவ அவ பேச்ச மலையில பாடம் பண்றா. ஒரே காம்பரா வீட்டுல ரெண்டு வேட்பாளரு. உப்புக் கேட்டாக் கூடக் குடுக்குறா.

சிக்கல் என்ன ஆச்சுன்னா, அவ பேரக் குடுக்குற தாள்ல வழிமொழியிறதுக்கு ஒரு ஆம்பள கையெழுத்து வேணும்னு ஆபீசுல சொல்லிட்டாங்க. ராசம்மா அந்தத் தாளத் தூக்கிக்கிட்டு எட்டு லயமும் ஏறி எறங்குனா. தலைவர எதுத்து எப்படிம்மான்னு ஒருத்தனும் போடல, நல்லையா கங்காணி தாளத் தொடவே மாட்டேன்னுட்டாரு. இன்னைக்குத்தான் கடைசி நாளு. நேத்து பின்னேரம் தாளு எங்க வீட்டு மேசையில கெடந்துச்சு, அவ தண்ணிக்குப் போயிருந்தா. இன்னைக்குக் காலையில அதக் கொண்டு வந்து ஆபீசுல குடுத்துட்டுத்தான் இங்க வர்றேன். முருகையா கையெழுத்தப் பாத்துட்டு என்னைய ஒரு தடவ பாத்தாரு, முத்திரையக் குத்திட்டாரு. எனக்கு எதிரா நாந்தாங்க வழிமொழிஞ்சிருக்கேன். அவளுக்கு இன்னும் தெரியாது, சாயங்காலம் போயித்தான் சொல்லணும், பஸ்ஸுல வரும்போதெல்லாம் அதுக்கு என்ன வார்த்த சொல்றதுன்னு யோசிச்சுப் பாக்குறேன், ஒரு வார்த்தயும் வரமாட்டேங்குது.